அரசு அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் ஆதாரும் வங்கிப் புத்தகமும்: எதை, எப்படி அனுப்புவது?

12 ஜனவரி 2026 | வாசகர் கேள்வி

அப்பா கார்த்திகையில் காலமானார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற்ற வேண்டும். அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் கைபேசியில் அழைத்தார். இறப்புச் சான்று, பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) நகல், அம்மாவின் ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பச் சொன்னார். அந்த முகவரி ஜிமெயிலில் முடிகிறது. நான் பெங்களூரில் இருக்கிறேன், அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார். ஜிமெயில் எப்படியும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்துதானே அனுப்புகிறது, பயமில்லை என்கிறார் என் கணவர். அனுப்பலாமா?

12 ஜனவரி, இரவு

அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு அனுப்ப வேண்டாம் என்கிறேன். மறையாக்கத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் தீர்க்க வேண்டியது அந்த முகவரி உண்மையிலேயே அலுவலகத்தினுடையதா என்பதுதான். மறையாக்கம் நீங்கள் எழுதிய முகவரிக்கு அஞ்சலைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்குமே தவிர, அந்த முகவரி யாருடையது என்று விசாரிக்காது.

ஜிமெயில் முகவரி என்பதாலேயே மோசடி என்று முடிவு கட்டிவிட முடியாது. தமிழ்நாட்டில் பல சிறிய அலுவலகங்கள் இன்றும் ஜிமெயிலில்தான் கடிதப் போக்குவரத்து நடத்துகின்றன. ஆனால் அப்படிப்பட்ட முகவரியை யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் உருவாக்கிக்கொள்ளலாம் என்பதால், அதைப் பார்த்து எதையும் உறுதி செய்துகொள்ளவும் முடியாது. ‘ஜிஓவி டாட் இன்’, ‘என்ஐசி டாட் இன்’ என்று முடிகிற முகவரிகள் அரசுக்கு மட்டுமே வழங்கப்படுபவை. அங்கும் கடைசியில் என்ன இருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். நடுவில் ‘ஜிஓவி’ என்று எழுதி, முடிவில் வேறொரு பெயரை வைத்திருக்கும் முகவரி அரசினுடையது அல்ல.

ஆகவே மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அந்த அலுவலகத்தின் தரைவழித் தொலைபேசி எண்ணை எடுத்து நீங்களே அழையுங்கள். உங்களை அழைத்த எண்ணுக்குத் திரும்பப் பேச வேண்டாம். அம்மாவின் விண்ணப்பம் எந்த இருக்கையில் இருக்கிறது, ந.க. எண் (அலுவலகம் கோப்புக்கு இடும் எண்) கொடுக்கப்பட்டுவிட்டதா, ஆவணங்களை அனுப்ப வேண்டிய முகவரி எது என்று கேட்டு, முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகம் என்றால் இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருக்கும்.

எழுத்து எழுத்தாக என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் முகவரிகள் ‘எம்ஐஎல்’ என்று முடியும். நடுவில் ஓர் எழுத்து விடுபட்டால் அது மாலி நாட்டுக்கு உரிய ‘எம்எல்’ ஆகிவிடும். அந்த ஒரே பிழையால் மருத்துவ விவரங்களும் அடையாள ஆவணங்களும் வரிக் கணக்குகளும் ஆண்டுக்கணக்கில் மாலியின் பக்கம் போய்க்கொண்டிருந்தன என்பது 2023 ஜூலையில் வெளியே வந்தது. யாரும் எதையும் திருடவில்லை, அனுப்பியவர்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

13 ஜனவரி

இப்போது உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி.

மின்னஞ்சலை ஒரு சேவையகத்திலிருந்து (சர்வர்) இன்னொன்றுக்குக் கொண்டு செல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது அதில் மறையாக்கம் என்பதே இல்லை. பிற்காலத்தில்தான் இரண்டு சேவையகங்களும் ஒப்புக்கொண்டால் வழியில் மறைத்து அனுப்பும் முறை சேர்ந்தது. ‘ஒப்புக்கொண்டால்’ என்பது முக்கியம். எதிர்முனை ஒப்புக்கொள்ளாவிட்டால் பெரும்பாலான அமைப்புகள் அஞ்சலை நிறுத்துவதில்லை, திறந்த நிலையிலேயே அனுப்பிவிடுகின்றன. ஜிமெயிலில் எழுதும்போது பெறுநரின் சேவையகம் மறையாக்கத்தை ஏற்காது என்றால் சிவப்பு நிறத்தில் திறந்த பூட்டுக் குறி தெரியும். ஜிமெயிலிலிருந்து ஜிமெயிலுக்கு என்றால் இந்தக் கவலையே இல்லை. அந்த மட்டில் உங்கள் கணவர் சொன்னது சரி.

ஆனால் இந்த மறையாக்கம் வழிப்பயணத்துக்கு மட்டுமே உரியது. பயணம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதன்பின் உங்கள் அம்மாவின் ஆதார் அந்தப் பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கப் போகிறது. நான் கவலைப்படுவது அந்த ஆண்டுகளைப் பற்றித்தான்.

நான் பணியில் இருந்த அலுவலகத்தில் வெகுகாலம் தபால் பிரிவைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பிரிவு முழுவதற்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி இருந்தது. கடவுச்சொல் அந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவர் தபால் பார்க்க வேண்டும். மாறுதலில் போனவர்களுக்கும் அது தெரிந்தேதான் இருந்தது, யாரும் மாற்றவில்லை. வரும் இணைப்பைத் தரவிறக்கி, அச்சிட்டு, முத்திரையிட்டு, தபால் பதிவேட்டில் எண் போட்டு, உரிய இருக்கைக்கு அனுப்புவோம். தாள் கோப்பில் ஒழுங்காகப் போய்ச் சேரும், ஏனென்றால் அதற்குப் பதிவேடு உண்டு. தரவிறக்கிய கோப்பு மட்டும் கணினியின் ‘டவுன்லோட்ஸ்’ உறைக்குள் அப்படியே இருக்கும். அதற்குப் பதிவேடு கிடையாது, பொறுப்பாளரும் கிடையாது. அந்தக் கணினியில் வேறு பிரிவினரும் உட்காருவார்கள். அந்த உறையை ஒருநாள் பார்த்தபோது, முன்பின் அறியாத நூற்றுக்கணக்கான குடும்பங்களின் ஆதார் நகல்களும் சாதிச் சான்றுகளும் வங்கிப் புத்தகங்களும் வரிசையாகக் கிடந்தன. எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அழிக்க வேண்டும் என்று எவருக்கும் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

13 ஜனவரி, பின்னிரவு

மத்திய அரசு மின்னஞ்சல்கள் இப்போது ஸோஹோ தளத்துக்கு மாறிவிட்டன, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வந்துவிட்டது, நான் பழைய கதை பேசுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த இரண்டும் உண்மையான முன்னேற்றங்களே. கடவுச்சொல் பலருக்குத் தெரிந்திருந்தாலும் இரண்டாவது சரிபார்ப்பு அந்நியரைத் தடுக்கும். ஆனால் மேலே விவரித்த ‘டவுன்லோட்ஸ்’ உறை சேவையகத்தில் இல்லை, மேசை மேல் இருக்கும் கணினியில் இருக்கிறது. அதை எந்தத் தளமாற்றமும் தொடுவதில்லை. தவிர, கேள்வி கேட்ட அம்மையாரிடம் சொல்லப்பட்டிருப்பது ஜிமெயில் முகவரிக்கு அனுப்பும்படி.

16 ஜனவரி

கடவுச்சொல் போட்டு அனுப்பலாமே என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். போடலாம். எந்தக் கடவுச்சொல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கும் இ-ஆதார் கோப்புக்கு ஏற்கெனவே கடவுச்சொல் உண்டு: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், அதன்பின் பிறந்த ஆண்டு. பலரும் இதைப் பூட்டு என்று நம்பி அப்படியே அனுப்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயர் தெரிந்தவருக்கு (மின்னஞ்சலின் அடியிலேயே பெயர் இருக்கிறது) மீதி இருப்பது பிறந்த ஆண்டு மட்டும், நூறு ஆண்டுகளை முயன்று பார்த்தால் முடிந்தது. பெயரே தெரியாவிட்டாலும் நான்கு எழுத்துச் சேர்க்கைகள் 4,56,976, அவற்றை நூறு ஆண்டுகளால் பெருக்கினால் ஏறத்தாழ 4 கோடியே 57 லட்சம். மனிதருக்கு இது பெரிய எண், கணினிக்கு இல்லை. பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்கும் கோப்புகள் இன்னும் மோசம்: நூறு ஆண்டுகளில் உள்ள நாட்களே சுமார் 36,500தான்.

எனவே அந்தக் கோப்பைத் திறந்து, புதிதாக ஒரு பிடிஎப் ஆக்கி, அதற்கு நீங்களே வேறு கடவுச்சொல் போடுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து ஆங்கில எழுத்தில் எழுதினால் நினைவிலும் நிற்கும், ஊகிப்பதும் கடினம். அதை அதே மின்னஞ்சலிலோ அடுத்த மின்னஞ்சலிலோ அனுப்பக் கூடாது, ஏனென்றால் பெட்டியைத் திறந்தவர் இரண்டையும் சேர்த்தே படிப்பார். தரைவழி எண்ணில் அழைத்து, பிரிவு எழுத்தரிடம் வாயால் சொல்லுங்கள்.

செவன்-ஜிப் மென்பொருள் கொண்டு ஏஇஎஸ்-256 என்னும் மறையாக்க முறையில் கோப்புகளை ஒரே பொதியாக்கினால் அது உறுதியானது, பழைய ஜிப் பூட்டு பலவீனமானது. இருந்தாலும் அலுவலகத்துக்கு ஜிப் பொதியைப் பரிந்துரைக்க மாட்டேன். பூட்டிய பொதிக்குள் நச்சுநிரல் இருக்கிறதா என்று சோதிக்க முடியாததால் பல அஞ்சல் அமைப்புகள் அதை வாசலிலேயே திருப்பிவிடுகின்றன. திருப்பியதை உங்களுக்குச் சொல்வதும் நிச்சயமில்லை. அலுவலகக் கணினியில் அதைத் திறக்கும் மென்பொருள் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பூட்டிய பிடிஎப் எங்கும் திறக்கும்.

16 ஜனவரி, மாலை

மேலே எழுதியதை மீண்டும் படித்தபோது ஒன்று உறுத்துகிறது. எழுத்தர் அந்தப் பிடிஎப்பைத் திறந்து அச்சிடுவார், அல்லது வசதிக்காகப் பூட்டில்லாத நகலாகச் சேமித்துக்கொள்வார். அதன்பின் நம் கடவுச்சொல்லால் அந்தப் பக்கத்தில் பயனில்லை. அப்படியானால் இவ்வளவு சிரமம் எதற்கு?

நம் பக்கத்துக்காக. அனுப்பிய அஞ்சலின் நகல் நம்முடைய ‘அனுப்பியவை’ உறையில் தங்குகிறது. மூன்று ஆண்டு கழித்து நம் கணக்கை ஒருவன் கைப்பற்றினால், ‘ஆதார்’ என்று தேடிய மறுநொடியில் குடும்பத்தின் ஆவணங்கள் எல்லாம் அவன் முன் வரிசையாக நிற்கும். பூட்டிய கோப்பு என்றால் பெயர் மட்டும்தான் தெரியும். கோப்பின் பெயரிலும் மின்னஞ்சலின் பொருள் வரியிலும் ஆதார் எண்ணையோ கணக்கு எண்ணையோ எழுதாதீர்கள். பொருள் வரியைக் கோப்பின் கடவுச்சொல் மறைப்பதில்லை.

18 ஜனவரி

பூட்டைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். ஆனால் அனுப்பாத விவரத்துக்குப் பூட்டே தேவையில்லை. என் உறுதியான கருத்து இதுதான்: கேட்டதையெல்லாம் அனுப்பாமல், வேலைக்குத் தேவையானதை மட்டும் அனுப்ப வேண்டும்.

மறைக்கப்பட்ட ஆதார் என்று ஒன்று இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம், ஆதார் நகலை எல்லோரிடமும் கொடுக்காதீர்கள், மறைக்கப்பட்ட வடிவத்தைப் பயன்படுத்துங்கள் என்று அறிவித்தது. நாடு முழுவதும் பரபரப்பு ஏற்பட்டு, இரண்டு நாளில், மே 29 அன்று, தவறாகப் புரிந்துகொள்ளப்பட வாய்ப்புண்டு என்று கூறி மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெறப்பட்டது அறிவிப்புதான், மறைக்கப்பட்ட ஆதார் வசதி இன்றும் இருக்கிறது. பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள், அலுவலர்களும் உட்பட.

எல்லா இடத்திலும் அதை ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது. அரசின் பணம் கணக்கில் நேரடியாக வந்து சேரும் திட்டங்களில் முழு எண்ணும் கேட்கப்படும். அங்கே எண்ணை நேரில் கொடுப்பதும், அடையாளத்துக்கான நகலை மறைத்த வடிவில் அனுப்புவதும் நல்ல ஏற்பாடு. நான் தெரிந்தவர்களுக்காக இப்படிக் கேட்டபோது சில இடங்களில் உடனே ஒப்புக்கொண்டார்கள், சில இடங்களில் முழு எண் இல்லாமல் முடியாது என்று மறுத்தார்கள். மறுப்பு வந்த பிறகு கொடுத்தால் போதும், கேட்பதற்கு முன்பே கொடுக்க வேண்டியதில்லை.

வங்கிப் புத்தகத்தில் பெயரும் கணக்கு எண்ணும் ஐஎப்எஸ்சி குறியீடும் உள்ள முதல் பக்கம் போதும். வரவுசெலவுப் பக்கம் ஒன்றுகூடத் தேவையில்லை. ரத்து செய்த காசோலை கேட்டால் அதில் கையெழுத்திட வேண்டாம்.

ஒவ்வொரு நகலின் மேலும் குறுக்காக, ‘குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்துக்காக மட்டும்’ என்று அலுவலகத்தின் பெயரையும் தேதியையும் சேர்த்துப் பேனாவால் எழுதி, பிறகு படமெடுங்கள். கணினியில் பிடிஎப் மேல் கருப்புப் பட்டையை இழுத்து எண்ணை மறைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: பல மென்பொருள்களில் அந்தப் பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும், சுட்டியால் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வெளியே வந்துவிடும். காகிதத்தில் மறைத்துவிட்டுப் படமெடுப்பதே நம்பகமானது.

20 ஜனவரி

குறுக்கே எழுதினால் திருடன் நின்றுவிடுவானா என்று கேட்டவருக்கு: துணிந்தவன் நிற்க மாட்டான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நகல் வேறெங்காவது, ஒரு சிம் அட்டை விண்ணப்பத்திலோ கடன் விண்ணப்பத்திலோ தலைகாட்டினால், அது எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் போன நகல் என்று நம்மால் சொல்ல முடியும். புகார் கொடுக்கும்போது அந்த ஒரு வரிதான் நம் கையில் இருக்கும் சான்று. பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன், இந்தக் கேள்வி-பதில் இழையைப் பாதியில் வந்து படிப்பவர்களுக்காக.

22 ஜனவரி

இந்த இழையில் எல்லோரும் சொந்தக் கணினியில் உட்கார்ந்து அனுப்புகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், நானும் அப்படியே எழுதிவிட்டேன். ஊரில் நடப்பது வேறு. அம்மா ஜெராக்ஸ் கடைக்குப் போவார். ஆவணங்களைக் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பச் சொல்வார்கள், அல்லது அங்கேயே ஸ்கேன் செய்வார்கள். மின்னஞ்சல் கடைக்காரரின் முகவரியிலிருந்து போகும். இதில் இரண்டு கேடு. ஒன்று, ஆவணங்களின் நகல் கடையின் கைபேசியிலும் கணினியிலும் அஞ்சல் பெட்டியிலுமாக மூன்று இடத்தில் தங்குகிறது. இரண்டு, அலுவலகம் பதில் எழுதினால், ‘இந்தச் சான்று தெளிவில்லை, மீண்டும் அனுப்பவும்’ என்று எழுதினால், அது கடைக்காரருக்குப் போகிறது. அம்மாவுக்கு எதுவும் வராது. மாதங்கள் ஓடும், அலுவலகம் பதிலே போடவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். தபால் பிரிவில் இருந்தபோது ஒரே கடையின் முகவரியிலிருந்து வெவ்வேறு குடும்பங்களின் விண்ணப்பங்கள் வருவதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் அனுப்பிய விளக்கக் கடிதங்கள் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று அறிய வழியே இருக்கவில்லை.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் நகல் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். படமெடுத்து அனுப்புவதை வீட்டிலுள்ள பிள்ளைகளின் கைபேசியிலிருந்து செய்யலாம். கடைக்காரர்களைக் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல. அவர்கள் இல்லாவிட்டால் பல முதியவர்களுக்கு எந்த விண்ணப்பமும் போய்ச் சேராது.

27 ஜனவரி

அலுவலகங்களும் வெளியே மின்னஞ்சல் அனுப்புகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. 2021 செப்டம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம், ஆப்கானிஸ்தானில் தங்களுக்காக வேலை செய்து தாலிபான்களிடமிருந்து தப்பிக்கக் காத்திருந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. முகவரிகளை மறைநகல் (பி.சி.சி.) பகுதியில் இடாமல் ‘பெறுநர்’ பகுதியிலேயே இட்டதால், 245 பேரின் முகவரிகளும் ஒருவருக்கொருவர் தெரிந்துவிட்டன. அவர்களில் 55 பேரின் முகப்படமும் சேர்ந்து தெரிந்தது. இதற்காக அந்நாட்டின் தகவல் ஆணையர் 2023 டிசம்பரில் அமைச்சகத்துக்கு 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தார். மறையாக்கம் அங்கே குறைவின்றி வேலை செய்திருக்கும். உயிருக்கு ஆபத்து வந்தது முகவரியை இட்ட இடத்தால்.

இதை எழுதக் காரணம்: நீங்களும் ஒரே அஞ்சலை அலுவலகம், வங்கி, சங்கச் செயலாளர், தாய்மாமா எல்லோருக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள். யாராவது ஒருவர் ‘அனைவருக்கும் பதில்’ அழுத்தினால் இணைப்புகள் எங்கெங்கோ போகும்.

2 பிப்ரவரி

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டதற்குச் சுருக்கமாக. 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் தனியார் நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தின, அரசு அலுவலகங்கள் அதில் வரவில்லை. 2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரசும் தரவைக் கையாளும் தரப்பாக வருகிறது. ஆனால் அரசுக்கு விரிவான விலக்குகளும் அதிலேயே இருக்கின்றன. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முதன்மையான கடமைகள் 18 மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்பது பெரிய தொகைதான், ஆனால் அந்தத் தொகை பாதிக்கப்பட்டவரின் கைக்கு வருவதல்ல. அதனால்தான் அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியே இவ்வளவு எழுதுகிறேன்.

5 பிப்ரவரி

மின்னஞ்சலே வேண்டாத வழிகளும் உண்டு. அரசின் இணையவழி ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் வழங்கப்படும் ஆவணங்கள் மூல ஆவணத்துக்குச் சமமானவை என்று 2017இலேயே விதி திருத்தப்பட்டது. அந்த அலுவலகம் அதை ஏற்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றுக்கு 2014இலிருந்து ஜீவன் பிரமாண் என்னும் எண்ணிம (டிஜிட்டல்) முறை இருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் ஓய்வூதியர்கள் பலர் இது தெரியாமல் படமும் ஆதாரும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இவை எதுவும் பொருந்தாவிட்டால் விரைவு அஞ்சல் இருக்கிறது. தாள் நகலுக்கு அலுவலகத்தில் பதிவேடு உண்டு என்று 13ஆம் தேதி எழுதினேன், அது சிறிய விஷயமல்ல.

9 பிப்ரவரி

கேள்வி கேட்ட அம்மையார் எழுதியிருக்கிறார். தரைவழி எண்ணில் பேசியதில் அழைப்பு உண்மையானதுதான், முகவரியும் பிரிவினுடையதுதான் என்று தெரிந்தது. இதைக் கேட்டு, சரிபார்த்தது வீண் வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த அழைப்பில்தான், பான் நகல் இப்போது தேவையில்லை, ஆதாரை அம்மா நேரில் வரும்போது காட்டினால் போதும் என்று எழுத்தரே சொல்லியிருக்கிறார். ஆறு ஆவணங்கள் நான்காகக் குறைந்துவிட்டன. அவற்றில் இறப்புச் சான்றையும் பி.பி.ஓ. நகலையும் வங்கிப் புத்தகப் பக்கத்தையும் பூட்டிய ஒரே பிடிஎப் ஆக அனுப்பியிருக்கிறார், புகைப்படத்தை அம்மா கையில் கொண்டுபோவார்.

மின்னஞ்சலில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறார். தபால் பிரிவினருக்குப் பழகிய வடிவிலேயே எழுதுவது நல்லது:

பொருள்: குடும்ப ஓய்வூதியம் – ஆவணங்கள் அனுப்புதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் அலுவலக ந.க. எண், நாள்.
‘பார்வையில் கண்டுள்ளபடி கோரப்பட்ட மூன்று ஆவணங்கள் கடவுச்சொல்லிட்ட ஒரே கோப்பாக இணைக்கப்பட்டுள்ளன. கடவுச்சொல் தொலைபேசியில் தெரிவிக்கப்படும். ஆவணங்கள் கோப்பில் சேர்க்கப்பட்டபின் மின்னஞ்சல் பெட்டியிலும் கணினியிலும் உள்ள நகல்களை அழித்து, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புகை அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

அழிப்பார்களா என்பது அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் எழுத்தில் கேட்கப்பட்ட ஒன்று அச்சாகிக் கோப்பில் ஏறும், கண்காணிப்பாளர் கண்ணிலும் படும். ஒப்புகை வந்தபின் அந்த ஒப்புகையை மட்டும் வைத்துக்கொண்டு, நீங்கள் அனுப்பிய அஞ்சலை ‘அனுப்பியவை’ உறையிலிருந்தும் பிறகு குப்பை உறையிலிருந்தும் நீக்குங்கள். ஜிமெயில் குப்பை உறையில் 30 நாள் வரை வைத்திருக்கும். கைபேசியின் படத்தொகுப்பில் ஆவணங்களை எடுத்த படங்களும் இருக்கும், அவை கூகுள் போட்டோஸுக்கும் போயிருக்கலாம். அங்கேயும் பார்த்துவிடுங்கள்.